மே மாதத்துக் குளவியும் புல்வேரின் புழுவும்

மே மாதத்தின் நடுவில், நியூ ஜெர்சியில் வெயில் சற்று உறைக்கத் தொடங்கியதும், எங்கள் வீட்டுப் புல்தரைக்கு ஒரு சாண் உயரத்தில் கறுப்புக் குளவிகள் தாழப் பறந்து திரிவதைக் காணலாம். அரை அங்குல நீளமும் பளபளப்பான கருமையும் கொண்ட இவற்றை இறக்கை எறும்பு என்று நினைப்பவர்களே அதிகம். குளவி என்று தெரிந்தவுடன் மருந்துப் புட்டியைத் தேடி ஓடுபவர்களும் உண்டு. உண்மையில் இவை மனிதர்களைச் சட்டை செய்வதே இல்லை. கூடு கட்டி அதைக் காக்கும் வேலை இவற்றுக்கு இல்லாததால், துரத்தி வந்து கொட்ட வேண்டிய தேவையும் இவற்றுக்கு இல்லை. ஒவ்வொரு பெண் குளவியும் தனியாகவே திரிகிறது. அது தேடுவது முழுவதும் நம் காலடியில், புல்லின் வேரைத் தின்றுகொண்டிருக்கும் வெண்ணிறப் புழுவை.

அக்குளவியின் பெயர் டிஃபியா வெர்னாலிஸ். அது தேடும் புழு, வளர்ந்தபின் ஜப்பானிய வண்டாகிறது. இரண்டுமே இம்மண்ணுக்கு வெளியிலிருந்து வந்தவை. வண்டு யாரும் அழைக்காமல் வந்தது. குளவியோ அதன் பின்னால் அரசுச் செலவில் வரவழைக்கப்பட்டது. இக்கதையில் எனக்கு ஈர்ப்பாக இருப்பது குளவியின் கொடூரமோ சாமர்த்தியமோ அன்று. மண்ணுக்கு அடியில் நடக்கும் வேட்டை வெல்வதும் தோற்பதும் பெரும்பாலும் மண்ணுக்கு மேலே உள்ள இரண்டு செய்திகளைப் பொறுத்தே அமைகிறது: குளவி எந்த வாரத்தில் வெளிவருகிறது என்பதும், வந்த இடத்தில் அதற்கு உண்ண என்ன கிடைக்கிறது என்பதும். புழு ஏராளமாக இருந்தால் குளவியும் தானாகப் பெருகிவிடும் என்று நாம் எளிதாக எண்ணிக்கொள்கிறோம். நூறாண்டு அனுபவம் அப்படிச் சொல்லவில்லை.

ஜப்பானிய வண்டு அமெரிக்காவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1916 ஆம் ஆண்டில், இதே நியூ ஜெர்சியின் ரிவர்டன் என்னும் ஊரருகே உள்ள ஒரு நாற்றங்காலில். ஐரிஸ் செடியின் கிழங்குகளோடு ஒட்டியிருந்த மண்ணில் புழுக்களாக அது வந்திருக்கக்கூடும் என்பதே பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. செம்பு நிற முதுகும் பச்சை நிறக் கழுத்துமாகப் பார்ப்பதற்கு மிகவும் அழகான வண்டு அது. ரோஜா, திராட்சை, லிண்டன் தொடங்கி ஏறத்தாழ 300 வகைத் தாவரங்களின் இலைகளையும் பூக்களையும் அது தின்னும். நரம்பை மட்டும் விட்டுவிட்டு இலைப்பரப்பை அரித்தெடுப்பதால், தாக்கப்பட்ட இலை வெறும் வலைப்பின்னலாக நிற்கும். ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் பெண் வண்டு மண்ணுக்குள் இறங்கி முட்டையிடுகிறது. அதிலிருந்து வரும் புழு, உடலை வளைத்துச் சுருண்டு படுத்தபடி புல்வேரைத் தின்று, இருமுறை தோலுரித்து, இலையுதிர்காலத்திற்குள் தன் மூன்றாம் பருவத்தை அடைந்துவிடும். குளிர் வந்ததும் ஆழத்திற்கு இறங்கி உறங்கி, ஏப்ரலில் மறுபடி மேலேறி வந்து, கூட்டுப்புழுவாகும் வரை சில வாரங்கள் மீண்டும் வேரைத் தின்னும். புழு மிகுந்த இடத்தில் புல்லுக்கு வேரே எஞ்சாது. பாயைச் சுருட்டுவது போலப் புல்தரையைக் கையால் சுருட்டி எடுத்துவிடலாம். அந்தப் புழுவுக்காக இரவில் ஸ்கங்க்கும் ரக்கூனும் வந்து தோண்டிவிட்டுப் போவது தனிக் கதை.

இவ்வண்டு தன் தாயகமான ஜப்பானில் பெரிய தொல்லையாக இல்லை என்பது வேளாண் துறையினரின் கவனத்தை ஈர்த்தது. அங்கே அதை அடக்கி வைத்திருக்கும் பகைவர்கள் யார் என்று அறிந்துவர, 1920 இல் கிளாசன், கிங் என்னும் இரு பூச்சியியலாளர்கள் ஜப்பானுக்கு அனுப்பப்பட்டார்கள். ஜப்பானிலும், அப்போது ஜப்பானின் ஆட்சியில் இருந்த கொரியாவிலும் அவர்கள் கண்டெடுத்த ஒட்டுண்ணிகளில், டிஃபியா இனத்தைச் சேர்ந்த இரண்டு குளவிகள் முக்கியமானவை. ஒன்று ஜப்பானிலிருந்து வந்த டிஃபியா பொப்பிலியாவோரா. ஆகஸ்டு மாதத்தில் பறப்பது. மற்றது 1920களின் நடுவில் கொரியாவிலிருந்து வந்த டிஃபியா வெர்னாலிஸ், இளவேனிலில் பறப்பது. இவற்றைக் கோல்ஃப் மைதானங்களிலும் பூங்காக்களிலும் ஓரிடத்திற்கு ஏறத்தாழ நூறு பெண் குளவிகள் என்ற கணக்கில் விடுவிக்கும் வேலை பல ஆண்டுகள் நடந்தது.

இனி, அக்குளவி செய்யும் காரியத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். பெண் குளவியின் முன்கால்கள் குட்டையாகவும் தடிமனாகவும் மண்ணைத் தோண்டுவதற்கு ஏற்றவையாகவும் இருக்கும். தரையில் இறங்கி, புல்லின் அடியை உணர்கொம்புகளால் தட்டிப் பார்த்தபடி ஓடி, ஓரிடத்தில் சட்டென்று மண்ணுக்குள் புகுந்துவிடும். இருட்டுக்குள் புழுவை அது கண்டுபிடிப்பது மணத்தைக் கொண்டுதான். கென்டக்கி பல்கலைக்கழகத்தில் ரோஜர்ஸ், பாட்டர் ஆகியோர் மண் நிரப்பிய கண்ணாடிப் பெட்டிகளில் ஆய்ந்து பார்த்தபோது, புழுவின் உடல் மணத்தையும், அதைவிட முக்கியமாக அதன் எச்சத்தின் மணத்தையும் பின்பற்றிக் குளவிகள் சென்றதைக் கண்டார்கள். வேரைத் தின்றுகொண்டே நகரும் புழு, தான் வந்த வழியெல்லாம் தன் எச்சத்தை விட்டுச்செல்கிறது. குளவிக்கு அதுவே தடம்.

புழுவை அடைந்ததும் குளவி அதன் மேல் ஏறி, உடலை வளைத்து, மார்பின் அடிப்பகுதியில் கொட்டுகிறது. தன்னைவிடப் பல மடங்கு எடை கொண்ட அப்புழு, முதலில் புரண்டும் கடிக்க முயன்றும் போராடிவிட்டு அசைவற்றுப் போகும். அதன் பிறகு நடப்பதுதான் எனக்கு வியப்பு. குளவி உடனே முட்டையிட்டுவிடுவதில்லை. புழுவின் வயிற்றுப்புறத்தைத் தாடைகளால் பிசைகிறது. மார்பின் மூன்றாம் கண்டமும் (உடல் வளையமும்) வயிற்றின் முதல் கண்டமும் சேரும் மடிப்பைத் தன் வயிற்று நுனியால் தேய்த்துத் தேய்த்துப் பதப்படுத்துகிறது. முன்பே வேறொரு குளவி அங்கே முட்டை ஒட்டிவிட்டுப் போயிருந்தால், இத்தேய்ப்பில் அம்முட்டை உரிந்து போய்விடும். இடம் தயாரான பிறகு ஒரே ஒரு வெண்ணிற முட்டையை அம்மடிப்பில் ஒட்டிவிட்டு வெளியேறுகிறது. முட்டை ஒட்டும் இடம் குளவியின் ஒவ்வொரு இனத்துக்கும் தனித்தனியாக வரையறுக்கப்பட்டது. முட்டை எந்த மடிப்பில் இருக்கிறது என்று பார்த்தே அது எந்தக் குளவியின் முட்டை என்று சொல்லிவிடும் அளவுக்கு இவ்வொழுங்கு தவறாதது.

டிஃபியாவின் விஷம் அரை மணி நேரம் அளவில் தெளிந்துவிடும். புழு மறுபடி அசைந்து, எதுவும் நடவாதது போல வேரைத் தின்னத் தொடங்கும். வயிற்றுப்புறத்தில் ஒட்டியிருக்கும் முட்டையை அதனால் தட்டிவிட முடியாது. மடிப்பின் பாதுகாப்பில் அது பத்திரமாக இருக்கும். ஒரு வாரத்துக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் முட்டை பொரிந்து, குளவியின் குட்டிப்புழு வண்டுப்புழுவின் தோலைத் துளைத்து, வெளியிலிருந்தபடியே உறிஞ்சத் தொடங்குகிறது. நான்கு முறை தோலுரித்து ஐந்தாம் பருவத்திற்கு வந்ததும், அதுவரை உறிஞ்சிக் குடித்தது போய், தின்னும் வேகம் வந்துவிடுகிறது. முடிவில் தலை ஓடும் கால்களுமே எஞ்சும். அவ்விடத்திலேயே பழுப்பு நிறப் பட்டுக்கூட்டைப் பின்னி அதற்குள் அடங்கும் புழு, இலையுதிர்காலத்திற்குள் முழுக் குளவியாகிவிட்டாலும் வெளியே வருவதில்லை. பனிக்காலம் முழுவதையும் கூட்டுக்குள்ளேயே கழித்து அடுத்த மே மாதத்தில்தான் வெளிவரும்.

கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்று நம் ஊரில் ஒரு சொல் உண்டு. சுவரில் மண்கூடு கட்டும் வேட்டுவன் குளவி, பச்சைப் புழுவை உள்ளே வைத்து அடைப்பதையும், சில வாரங்களில் அங்கிருந்து குளவி பறந்து செல்வதையும் கண்ட பெரியோர், குருவும் சீடனும் குறித்த உவமையாக அதைச் சொல்லி வைத்தார்கள். உவமை உவமையாகவே இருக்கட்டும். பூச்சியியல் கணக்குப்படி அடைபட்ட புழு உணவாகிறது, முட்டையிலிருந்து வந்தது குளவியாகிறது. ஆனால் வேட்டுவனுக்கும் டிஃபியாவுக்கும் ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. வேட்டுவன் இரையைத் தூக்கிவந்து தான் கட்டிய கூட்டில் வைக்கிறது. டிஃபியாவோ இரையை அதன் வீட்டிலேயே விட்டுவிட்டு, முட்டையை மட்டும் அதன் உடம்பில் குடியேற்றுகிறது.

டிஃபியாவின் உறவினரான ஸ்கோலியாக் குளவிகள் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டவை. அவை உருவில் பெரியவை, இரையும் பெரியது. அவற்றின் கொட்டு தெளிவதே இல்லை; புழு உயிரோடு, ஆனால் நிரந்தரமாக அசைவற்றுக் கிடக்கும். பிரான்சின் தென்பகுதியில் வாழ்ந்த பூச்சியியலாளர் ஃபாப்ர், அவிஞ்ஞோன் நகருக்கு அருகே காட்டு மண்ணைத் தோண்டி இக்குளவிகளை ஆராய்ந்தார். அவர் செய்த ஒரு சோதனை இன்றும் படிக்கத் தகுந்தது. ஸ்கோலியாவின் குட்டிப்புழு, தன் தலையை இரையின் வயிற்றில் ஒரே துளை வழியாக உள்ளே நுழைத்து, உயிர்க்கு இன்றியமையாத உறுப்புகளைக் கடைசிக்கு ஒதுக்கிவைத்து, மற்றவற்றை முதலில் தின்கிறது. அதனால் இரை கடைசி நாள் வரை கெடாமல் இருக்கிறது. ஃபாப்ர் அக்குட்டிப்புழுவை மெல்லப் பிரித்தெடுத்து இரையின் முதுகில் வைத்தார். அங்கே துளைத்துத் தின்னத் தொடங்கியதும், வரிசை குலைந்து, சில நாள்களில் இரை கறுத்து அழுகியது; அந்த அழுகலில் குட்டிப்புழுவும் இறந்தது. முட்டையைத் தாய் ஒட்டும் இடம் ஏன் அவ்வளவு கறாராக இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் வேறெங்கும் படித்ததில்லை.

இவ்வளவு நுட்பமான உயிரியை நூற்றுக்கணக்கில் கொண்டுவந்து விட்டபின் என்ன ஆயிற்று என்ற கேள்விக்கு, இரு குளவிகளும் இருவேறு விடை தந்தன. ஆகஸ்டுக் குளவியான பொப்பிலியாவோரா தொடக்கத்தில் நன்றாகவே பரவியது. ஆனால் அது வெளிவரும் நேரத்தில் பல இடங்களில் வண்டுப்புழுக்கள் இரண்டாம் பருவத்தைத் தாண்டியிருக்கவில்லை. குளவி இனத்தில் கருவுற்ற முட்டை பெண்ணாகவும், கருவுறாத முட்டை ஆணாகவும் பிறக்கும். எதை இடுவது என்பது தாயின் கையில் இருக்கிறது. சிறிய புழு கிடைத்தால் ஆணுக்குரிய முட்டையையும், பெரிய புழு கிடைத்தால் பெண்ணுக்குரிய முட்டையையும் இக்குளவி இடுகிறது என்பதை 1930களில் பிரன்சன் என்னும் ஆய்வாளர் நிறுவினார். பெண்ணுக்கு உடல் பெரிதாக வேண்டும், அதற்கு உணவும் அதிகம் வேண்டும் என்பதால் தாயின் கணக்கு சரியானதே. ஆயினும் அதன் விளைவாக, குளவி சில நாள்கள் முந்தி வந்துவிட்ட இடங்களில் ஆண்களே மிகுந்து, அடுத்த ஆண்டில் முட்டையிடப் பெண்கள் குறைந்துபோவார்கள்.

இளவேனில் குளவியான வெர்னாலிஸுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அது வெளிவரும் மே மாதத்தில், குளிர்காலம் கடந்து மேலேறி வந்த புழுக்கள் எல்லாம் மூன்றாம் பருவத்தில் முழு வளர்ச்சியோடு, மண்ணின் மேற்பரப்புக்கு அருகிலேயே இருக்கின்றன. இப்பகுதிகளில் அண்மைக்காலத்தில் ஆய்வு செய்தவர்களின் கண்ணில் படுவதும் பெரும்பாலும் வெர்னாலிஸ்தான். ஓரியண்டல் வண்டு என்று இங்கே அழைக்கப்படும் மற்றொரு வண்டின் புழுவையும் இது தாக்கும் என்பது கூடுதல் பயன்.

புழு கிடைத்துவிட்டால் போதுமா என்றால், போதாது. புழு குட்டிக்கு உணவே தவிர, தாய்க்கு முழு உணவாகாது. நாளுக்கு ஒன்றிரண்டு முட்டை என்ற கணக்கில் வாரக்கணக்கில் தோண்டவும் கொட்டவும் ஒட்டவும் வேண்டிய பெண் குளவிக்கு, இடைவிடாமல் இனிப்பு தேவைப்படுகிறது. அதன் வாயுறுப்புகள் குட்டையானவை. ஆழமான பூக்களில் உள்ள தேன் அதற்கு எட்டாது. எனவே, மேப்பிள், செர்ரி முதலிய மரங்களின் இலைகளில் அசுவினிகள் கழித்துவிடும் இனிப்பு நீரை அது நக்குகிறது. பியோனிச் செடியின் மொட்டுகளில், இதழ் விரியும் முன்பே புற இதழ்களின் ஓரத்தில் தேன் கசியும். எறும்புகள் மொய்ப்பது அதற்காகத்தான். எங்கள் பின்கட்டில் உள்ள பியோனி மொட்டுகளில், எறும்புகளுக்கு நடுவே, உணர்கொம்புகளை ஆட்டியபடி நிற்கும் வெர்னாலிஸைக் காலை பத்து மணி வெயிலில் நின்று நிதானமாகப் பார்க்கலாம். நூற்றுக்குப் பத்துப் பங்கு சர்க்கரை கலந்த நீரை மர இலைகளில் தெளித்து, வந்து சேரும் குளவிகளைக் கொண்டே ஓரிடத்தில் இவ்வினம் இருக்கிறதா என்று ஆய்வாளர்கள் அறிகிறார்கள். அசுவினிக்கு மருந்தடித்து, களையென்று எல்லாச் செடிகளையும் பிடுங்கி, வெறும் புல்லை மட்டும் பச்சைப் பரப்பாக வைத்திருக்கும் ஒரு முற்றத்தில், மண்ணுக்குள் எத்தனை புழு இருந்தாலும் இக்குளவி தங்குவதற்குக் காரணம் ஏதும் இல்லை.

இதே பாடத்தை மொரீஷியஸ் தீவு இன்னும் கசப்பாகக் கற்றது. பார்படோஸிலிருந்து வந்து அங்குள்ள கரும்பின் வேரைத் தின்ற ஒரு வெண்புழுவை அடக்குவதற்காக, முதல் உலகப்போர்க் காலத்தில் டிஃபியா பேரலெலா என்னும் குளவியைப் பார்படோஸிலிருந்தே வரவழைத்தார்கள். தமிழர் உள்ளிட்ட இந்தியத் தொழிலாளர்களின் உழைப்பில் விளைந்த கரும்புத் தோட்டங்கள் அவை. குளவி அங்கே நன்றாக வேரூன்றியது. அதற்குத் தேன் கொடுத்த செடிகளுள் ஒன்று கார்டியா. தென்னமெரிக்கப் பகுதியிலிருந்து வந்து தீவெங்கும் புதராகப் பரவிய செடி. அப்புதர் பின்னாளில் பெருங்களையாகிவிட்டதால், 1940களின் இறுதியில் டிரினிடாடிலிருந்து இலை தின்னும் வண்டையும் விதையைக் கெடுக்கும் பூச்சியையும் கொண்டுவந்து அதை ஒடுக்கினார்கள். உயிரியல் முறைக் களைக்கட்டுப்பாட்டின் பெரும் வெற்றியென்று அதைச் சொல்வதுண்டு. ஒரு பூச்சியை அடக்க வந்த குளவிக்குச் சோறிட்ட செடியை, இன்னொரு பூச்சியைக் கொண்டு அழித்தார்கள் என்பதும் அதே வெற்றியின் மறுபக்கம்.

நம் ஊர் எருக்குழிகளில் கட்டை விரல் பருமனில் கிடக்கும் காண்டாமிருக வண்டின் புழுவுக்கும் இத்தகைய ஒரு கதை உண்டு. தென்னையின் குருத்தைத் துளைக்கும் இவ்வண்டு, 1909 இல் இலங்கையிலிருந்து சென்ற ரப்பர் கன்றுகளோடு சமோவாத் தீவுக்குப் போய்ச் சேர்ந்து, பசிபிக் தீவுகளின் தென்னைகளுக்கு எமனாயிற்று. அதை அடக்க சான்சிபாரிலிருந்து ஸ்கோலியா ரூஃபிகார்னிஸ் என்னும் குளவி வரவழைக்கப்பட்டது. மரத்தூளும் மக்கிய குப்பையும் போலத் தளர்ந்த இடங்களில் அக்குளவி இறங்கி வேட்டையாடியது. ஆனால் இப்புழுக்கள் பெருவாரியாக வாழ்வது செத்துப்போன தென்னந்தண்டுகளுக்குள். கட்டையைத் துளைத்துச் செல்லும் வலிமை குளவிக்குக் கிடையாது. அங்கே பெரும் பலன் தந்தது, 1963 இல் ஹூகர் என்னும் ஆய்வாளர் மலேசியாவில் கண்டறிந்து, 1967 இல் சமோவாவில் விடப்பட்ட ஒரு வைரஸ். வண்டே அதைச் சுமந்துகொண்டு தண்டுக்குத் தண்டு பரப்பியது.

மீண்டும் புல்தரைக்கு வருவோம். வெர்னாலிஸ் இருந்தால் உங்கள் முற்றத்தில் வண்டே இராது என்று நான் சொல்லமாட்டேன். அது மே மாதத்தில் கொல்லும் புழுக்கள், முந்தைய இலையுதிர்காலத்தில் செய்ய வேண்டிய சேதத்தைச் செய்துவிட்டவை. அவை வண்டாகி ஜூலையில் முட்டையிடுவதைத் தடுப்பதே குளவியின் பணி. அடுத்த தெருவிலிருந்து பறந்து வரும் வண்டுகளுக்கு அது பொறுப்பாகாது. ஆகவே இதன் பலன் ஒரு வீட்டுக்கென்று வருவதன்று, ஒரு சுற்றுவட்டாரத்துக்கென்று வருவது. விலை கொடுத்து வாங்கி விடுவதற்கு இக்குளவி கடைகளில் கிடைப்பதும் இல்லை.

நம்மால் செய்யக்கூடியது, அதைக் கொல்லாமல் இருப்பது. வெண்புழுவுக்கென்று பரவலாக இடப்படும் இமிடாகுளோப்ரிட் மருந்தை இளவேனிலில் இட்ட புல்தரைகளில், இக்குளவியின் முட்டைகள் ஏறிய புழுக்கள் குறைந்துவிடுவதை முன்சொன்ன கென்டக்கி ஆய்வாளர்களே காட்டியிருக்கிறார்கள். அம்மருந்து வலுவாக வேலை செய்வது ஜூலை, ஆகஸ்டில் புதிதாகப் பொரிக்கும் இளம்புழுக்களின் மேல்தான். மூன்றாம் பருவத்துப் பெரிய புழுக்களை ஏப்ரல், மே மாதங்களில் அது அவ்வளவாக அசைப்பதில்லை. இருந்தும், நியூ ஜெர்சியில் வீட்டுப் புல்தரைகளுக்கு அம்மருந்து 2023 இல் தடை செய்யப்படும் வரை, புல்தரைப் பராமரிப்புக்கென்று வருடச் சந்தாவில் வரும் ஆட்கள், கேட்டாலும் கேட்காவிட்டாலும் இளவேனிலிலேயே தூவிவிட்டுப் போவார்கள். எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தவர்களிடம், மருந்து இட்டே ஆக வேண்டுமென்றால் ஜூன் கடைசிக்கு முன் வேண்டாம் என்றும், இடுவதற்கு முன் குளோவர் பூக்களை வெட்டிவிட வேண்டும் என்றும் அப்போது எழுதிக் கொடுத்திருந்தோம். தேனீக்களுக்கும் அது நல்லதாக இருந்தது.

ஜூன் முதல் வாரத்தில் புல்லை ஓரடிச் சதுரமாக மூன்று பக்கம் வெட்டிப் புரட்டி, அடியில் கிடக்கும் புழுக்களை எடுத்து வயிற்றுப்புறம் திருப்பிப் பாருங்கள். கடைசிக் கால் இணைக்குப் பின்னால் உள்ள மடிப்பில் வெள்ளையாக ஏதேனும் ஒட்டியிருந்தால், அதைக் கிடந்த இடத்திலேயே வைத்து மண்ணை மூடிவிட்டுத் தண்ணீர் ஊற்றிவிடுங்கள். வெட்டிய புல் சில நாள்களில் பிடித்துக்கொள்ளும்.